கிடைக்கோடு

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
மூன்றாம் ஷிப்ட், மணி இரண்டே கால்.
ரியோமீட்டர் திரையில்
ஏற வேண்டிய கோடு ஏறவில்லை.

மற்ற நாட்களில் அது கொஞ்சம் தாழும், தயங்கும்,
பிறகு சூளகிரி ஏற்றத்தில் கியர் மாற்றிய லாரிபோல
முக்கி முக்கி மேலே போய்ச் சமமாகும்.
இன்று படுத்த படுக்கை.

அச்சிலிருந்து உரித்த பஸ் கதவுப் பட்டை
என் கட்டைவிரல் ரேகையை
வாங்கி வைத்துக்கொண்டது,
திருப்பித் தரவில்லை.

"கந்தகம் போட மறந்திருக்கும் அந்தம்மா"
என்றார் இன்சார்ஜ் திம்மராயப்பா.
விடிவதற்குள் மெமோ அடித்தாயிற்று
சம்பங்கியம்மா பெயருக்கு.

பேரிகைக்காரர். கலவை மில்லில் ஆறு வருஷம்.
கோபம் வந்தால் தெலுங்கு,
கணக்குப் போட்டால் கன்னடம்,
எங்களோடு தமிழ்.
அன்றைக்கு மூன்றிலும் ஒன்றும் பேசவில்லை.
விரல்களை மட்டும் விளக்கடியில் விரித்துக் காட்டினார்.
நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.
முகத்துக்குப் பூசுகிற மஞ்சள் அல்ல.

நான் ரசாயனம் படித்தவன்.
பரீட்சைக்குப் படித்தது
அந்த நகங்களைப் பார்த்த பிறகுதான் புரிய ஆரம்பித்தது.

இந்த ரப்பருக்கு முதுகெலும்பு
எத்திலீனும் புரொப்பிலீனும் கோத்த நீளச் சங்கிலி.
புரொப்பிலீன் வந்த இடமெல்லாம்
சின்னதாய் ஒரு மீதைல் பக்கவாட்டில் துருத்தும்,
நெரிசல் பஸ்ஸில் முழங்கையைப் போல.
அதனால்தான் சங்கிலிகள்
அடுக்கிய விறகாய் இறுகிப் போவதில்லை,
அதனால்தான் மெத்தென்று இருக்கிறது.
ஆனால் முழங்கை இடிக்கும். பிடிக்காது.

பிடிக்க வேறொன்று வேண்டும்.
நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாத மூன்றாவது சரக்கு,
சங்கிலிக்கு வெளியே தொங்கும் ஒரு வளையம்,
அதற்குள் இன்னும் செலவழியாத ஓர் இரட்டைப் பிணைப்பு.
கந்தகம் அதன் அண்டையில் வந்து ஒட்டி
அடுத்த சங்கிலியின் வளையத்துக்குக் கை நீட்டும்.
முதுகெலும்பைத் தொடுவதே இல்லை.
ஓசோன் வந்து கடித்தாலும்
கடிபடுவது ஓரம்,
நடு நிற்கும்.

பிடி குறைந்தால் பட்டை அமுங்கினது அமுங்கினபடி.
மிஞ்சினால் மடித்த இடத்தில் வெடிக்கும்.
வளையம் அதிகமானால்
அச்சு நிரம்புமுன்னே அவசரப்பட்டு இறுகும்.
இத்தனையும் ஓரத்தில் தொங்குகிற ஒன்றை நம்பி.

அந்த ஓரமே இல்லாவிட்டால்?

கோடவுனில் டார்ச் அடித்தேன்.
அட்டைப்பெட்டிக்குள் அதே வெள்ளைக் கட்டி,
பால்கோவா நிறம், அதே வழுவழுப்பு.
லேபிளில் மட்டும் கடைசி எழுத்து வேறு.
மூன்றாவது சரக்கு கலக்காத ரகம்,
பெராக்ஸைடுக்கென்று பிறந்தது.
வரவுச்சீட்டில் கையெழுத்து திம்மராயப்பாவுடையது.

கந்தகம் போயிருக்கிறது,
எடைச்சீட்டில் கிராம் பிசகவில்லை.
நூற்றெழுபது டிகிரியில் எட்டு நிமிஷம்
ஒண்டிக்கொள்ள இடம் கேட்டு
வீடு வீடாக அலைந்திருக்கிறது.
எந்தச் சுவரிலும் கதவில்லை.

சொன்னபோது சம்பங்கியம்மா வியக்கவில்லை.
"உருளையில ஓடறப்பவே வேற மாதிரி வழுக்குச்சு சார்.
சொன்னேன். மிஷின் சத்தத்துல கேக்கலேன்னுட்டாங்க."
மிஷின் அப்போது நின்றிருந்தது
என்பதையும் சொன்னார்.

வியாழக்கிழமை சரியான பெட்டிகள் வந்தன.
கோடு தாழ்ந்தது, தயங்கியது, ஏறியது.
பட்டை என் ரேகையைத் திருப்பித் தந்தது.

இறுகிய ரப்பரை
இனி உருக்கிப் பிரிக்க வழியில்லை,
அது சரக்கின் குணம்.
காகிதத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை.
ஆபீஸ் பையன் நகத்தால் பின்னை நெம்பி
மெமோவை உருவிக் குப்பையில் போட்டான்.

சம்பங்கியம்மா தன் ஃபைலை வாங்கி
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
வெளிச்சம் வந்தது,
இரண்டு துளையாக.